நாற்பத்தெட்டு விநாடி

எங்கள் தணிக்கை ஆபீசில் அவளுக்குப் பெயர் கடிகாரக்கா. உறுப்பினர்கள் படம் பார்ப்பார்கள். அக்கா பின்வரிசை ஓரத்தில் ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்திருப்பாள். வெட்டவேண்டிய காட்சி வந்தால் அழுத்துவாள், முடிந்தால் நிறுத்துவாள், எத்தனை விநாடி என்று படிவத்தில் எழுதுவாள். பக்கத்திலேயே காரணம் எழுத ஒரு கட்டம். அதற்கு எங்களிடம் இரண்டே வாக்கியம். அடிப்பவன் பொதுஜனம் என்றால் 'வன்முறையைத் தூண்டுவது'. சீருடை போட்டவன் என்றால் 'உண்மைக்குப் புறம்பானது'. இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் ஒரு விநாடியைக்கூட வெட்ட முடியாது, அது விதி. பத்தொன்பது வருஷத்தில் அக்கா மூன்றாவதாக ஒன்று எழுதியதில்லை. அவள் எழுதுவதை டைப் அடிப்பவளே நான்தான், எனக்குத் தெரியாதா?

நல்ல மனுஷி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "இந்த ஹீரோ அழுறதைத்தான்டி முதல்ல வெட்டணும்" என்பாள். அவளுக்கு ஒரே மகன். இரண்டு வருஷத்துக்கு முன் தெருச்சண்டையில் ஒருத்தனுடைய மண்டையை உடைத்தான். தப்புதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. சீர்திருத்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஏழு மாசம் கழித்து வீடு வந்தவன், யாராவது கதவைத் தட்டினால் உடனே முழங்காலிட்டு உட்கார்ந்துவிடுகிறான். திங்கள்தோறும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும். மேலிடத்திலிருந்து ஒரு புகார் போனாலும் போதும், திரும்ப முகாம்தான்.

இந்த நேரம் பார்த்துத்தானா அந்தப் படம் வந்து சேரணும்! தடை செய் என்று ஒரு கூட்டம், வெளியிடு என்று ஒரு கூட்டம், ஆபீஸ் வாசலில் இரண்டும் கத்திக்கொண்டிருந்தன. இனி வரப்போகும் ஒரு காலத்தில் நடக்கிற கதை. பையன்கள் கும்பலாக வீடு புகுந்து அடிக்கிறார்கள். அரசாங்கம் அவர்களைப் பிடித்துப்போய், சொன்னதைச் செய்கிற பொம்மையாக்கி அனுப்புகிறது. ஒரு காட்சியில் அதிகாரி ஒருவன் ஒரு பையனை ஜல்லியில் முழங்காலிட வைத்து, அடிக்கு ஒருதரம் 'நன்றி' சொல்ல வைக்கிறான்.

அங்கே அக்கா வாட்சை அழுத்தவில்லை.

மறந்துதான் போனாள், சத்தியமாகச் சொல்கிறேன். சாயங்காலமே செயலாளர் எங்கள் அறைக்கு வந்தார்.

"ஜல்லி சீன் எங்கம்மா? விட்டுப்போச்சா, இல்ல வேணும்னே விட்டீங்களா? உங்க பையன் ஃபைல் எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் காலை அந்தப் பகுதியை மட்டும் திரும்பப் போட்டார்கள். செயலாளர் திரையைப் பார்க்கவே இல்லை, அக்காவின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். காட்சி வந்தது. அழுத்தினாள். நிறுத்தினாள். நாற்பத்தெட்டு விநாடி. அப்பாடா, தலை தப்பியது என்று நினைத்தேன்.

படிவம் என் மேஜைக்கு வந்தது. காரணக் கட்டத்தில் அவள் கையெழுத்து: 'உண்மை. என் மகனைக் கேளுங்கள்.'

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா? இதை வச்சு வெட்டவே முடியாதே!"

"எழுதுனது எழுதுனபடி அடிடி. எல்லா உறுப்பினரும் படிக்கட்டும்."

"அவன் திரும்ப உள்ள போவான்க்கா!"

"நேத்தே கேட்டுட்டேன். 'எழுதும்மா'ன்னான்."

அவ்வளவுதான், போய்விட்டாள். டைப் அடித்த தாள்தான் உறுப்பினர்களுக்குப் போகும். கையால் எழுதியதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அந்தப் பையனை நினைத்தேன். என் வேலையையும் நினைத்தேன், மறைப்பானேன். 'உண்மைக்குப் புறம்பானது' என்று அடித்தேன். அவள் எழுதியதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

கூப்பிடுவார்கள், விசாரிப்பார்கள் என்று அக்கா மூன்று வாரம் காத்திருந்தாள். ஒவ்வொருதரம் டெலிபோன் அடிக்கும்போதும் நிமிர்ந்து பார்ப்பாள். நான் வாயே திறக்கவில்லை, பாவி.

படம் வெளியானது. மகன் முதல் நாளே போயிருக்கிறான். அடுத்த நாள் காலை அக்கா நேராக வந்து என் மேஜை முன்னால் நின்றாள். நான் தலை நிமிரவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்!

"வீட்டுக்கு வந்து என்ன கேட்டான் தெரியுமாடி? 'நாங்க அடிச்சதெல்லாம் அப்படியே இருக்கும்மா. எங்கள அடிச்சத மட்டும் காணோம். நீ எழுதவே இல்லையா?'ன்னான்."

"நீ என்னக்கா சொன்ன?"

"'பயந்துட்டேன்டா, எழுதல'ன்னு சொல்லிட்டேன்."

மேஜைமேல் இருந்த வாட்சை எடுத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனாள்.