லாரியில் ஏறிய ஊர்

எங்கள் ஊரில் ஆடி மாதம் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும்வரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வெளியே கை நனைக்கவும் கூடாது. பக்கத்தில் இருக்கும் சுங்குவார்சத்திரத்து டீக்கடைகூட அந்த நாட்களில் எங்களுக்கு அயல்நாடுதான். இதெல்லாம் நன்றாகத் தெரிந்த என் மாமனார், காப்புக் கட்டிய மறுநாளே குடும்பத்தோடு மெட்ராஸ் சுற்றிப் பார்க்கப் போவதென்று முடிவு செய்தார்.

காரணம் லாரி. அவர் தம்பி, அதாவது என் சின்ன மாமனார், செங்கல் சூளைக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மழையில் சூளை நனைந்துபோய் லாரி இரண்டு நாள் சும்மா நின்றது. அது மறுபடி எப்போது சும்மா நிற்கும் என்று யார் கண்டது?

வேண்டாத நேரத்தில்தான் மாமனாருக்கு மூளை நன்றாக வேலை செய்யும். கோயில் வாசலிலிருந்து கூடை கூடையாக மண் அள்ளிவந்து லாரி முழுக்கப் பரப்பினார். "நம்ப ஊரு மண்ணு. இது மேல குந்திகினு போனா ஊர்லயே கீற மாதிரிதான்" என்றார். பூசாரி யோசித்துவிட்டு, லாரியில் தனக்கும் இடம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், தப்பில்லை என்று ஒப்புக்கொண்டார்.

அரிசி, குடம், பாய், மண்ணெண்ணெய் ஸ்டவ் எல்லாம் ஏறின. மாமனார், மாமியார், என் கணவர், நான். காப்புக் கட்டும்போது வெளியூரில் இருந்ததால் சின்ன மாமனாருக்கு மட்டும் விதி கிடையாது. அவர் இறங்கலாம், ஓட்டலில் டீயும் குடிக்கலாம். எங்களைப் பார்த்துக்கொண்டே குடித்தார், பாவி மனுஷன்.

என் மாமியாருக்கு மெட்ராஸில் ஒரே ஓர் ஆசைதான். ஓட்டலில் போய் உட்கார்ந்தால் ஒரு ஆள் பக்கத்தில் வந்து, என்ன வேண்டும் என்று கேட்பான் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். "மெய்யாலுமே கேப்பானா? நம்பளயுமா?" என்று என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் தின்றது போக மிஞ்சியதுதான் அவர் சாப்பாடு.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரை தாண்டவில்லை, அதற்குள் மாமனார், "ஸ்டவ்வப் பத்த வை, பசிக்குது" என்றார். வெளியேதான் சாப்பிடக் கூடாதே! மாமியார் பம்ப் அடித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஸ்டவ்வைத் தூக்கி ஏரியில் போட்டிருப்பேன்.

பட்டணம் வந்தது. லாரியை விட்டு இறங்காமல் பார்த்தோம். உயிர் காலேஜ் என்று நாங்கள் சொல்கிற மிருகக்காட்சிசாலையை மதில் சுவர் வரைக்கும் பார்த்தோம். "புலி உள்ளதான் கீது, வாசன வர்து பாரு" என்றார் மாமனார். பதினாலு மாடிக் கட்டடத்தை மண்ணில் மல்லாந்து படுத்து எண்ணினோம். என் கணவருக்குப் பதிமூன்று வந்தது, மாமனாருக்குப் பதினாறு. மாமியார் எண்ணவில்லை. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

கடற்கரையில் சின்ன மாமனார் குடத்தில் கடலை மொண்டுவந்து எங்கள் காலில் ஊற்றினார். பாதி ஊர் சேறாகிவிட்டது. அப்போதுதான் ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"லாரிய எடுய்யா. எந்த ஊரு நீங்க?"

"இதாங்க ஊரு" என்று மாமனார் மண்ணைக் காட்டினார்.

போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். மண், பாய், கொதிக்கிற குழம்பு. "சரி, ஊர அந்தாண்ட தள்ளி நிறுத்து" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தள்ளி நிறுத்திய இடத்துக்கு எதிரே ஒரு ஓட்டல் இருந்தது. மாமியார் கரண்டியைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டவ்வை அணைத்தார். மாமனார் கழற்றிப் போட்டிருந்த ரப்பர் செருப்பை எடுத்து, மூலையில் காய்ந்திருந்த மண்ணை இரண்டிலும் ரொம்பப் பொறுமையாகப் பரப்பினார். அதில் காலை வைத்துக்கொண்டு லாரியை விட்டு இறங்கினார்.

"எங்கடி போற?" என்று மாமனார் அலறினார்.

"எங்கயும் போவலிங்க. ஊர் மண்ணு மேலதான நிக்கிறேன்" என்றார் மாமியார்.

மாமனார் போட்ட சட்டம்தானே! நான் என் கணவரின் செருப்பில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். மண் சிந்திவிடக் கூடாதென்று இருவரும் காலைத் தேய்த்துத் தேய்த்து ரோட்டைக் கடந்தோம். பஸ்காரன் ஹாரனடித்தே ஓய்ந்துபோனான்.

மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தோம். தோளில் துண்டு போட்ட ஒரு ஆள் வந்து, "இன்னாம்மா சாப்புட்றீங்க?" என்றார்.

மாமியார் அவரை அண்ணாந்து பார்த்தார். "இன்னொரு தபா கேளுப்பா."

காது மந்தம் என்று நினைத்து அவர் ஓட்டலே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். "இன்னா சாப்புட்றீங்கம்மா?"

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். வெளியே லாரியிலிருந்து ஹாரன் விடாமல் அடித்தது. "மாமா பசிக்குதுன்னு அடிக்கச் சொல்றாரு" என்றேன்.

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இருப்பா" என்றார் அந்த ஆளிடம். "யோசிச்சு சொல்றேன்."