பூட்டுக்காரர் வைத்திருந்த இன்னொரு பாஸ்வேர்டு

ஊரில் அவரைப் பூட்டுக்காரர் என்பார்கள். பீரோவைத் திறந்து கொடுக்கக் கூப்பிட்ட அப்பாவிகளும் உண்டு. அவர் விற்றதோ கம்ப்யூட்டருக்கான பூட்டு. கோப்புகளைப் பாஸ்வேர்டு போட்டு அடைத்து வைக்கும் மென்பொருள்.

அது ஒரு காலம்! கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். துணி உறையை எடுத்து மடித்து வைத்த பிறகே சுவிட்சைத் தொடுவார்கள். ஏழு பிளாப்பி டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொருகி முடிக்க ஒரு மதியம் முழுக்க ஆகும். அதற்குள் வீட்டுக் கதை, வெளிக் கதை எல்லாம் பேசித் தீர்த்துவிடலாம்.

பாஸ்வேர்டை மறக்காத மனிதர் ஏது? அதனால் எல்லாக் கம்ப்யூட்டரிலும் தனக்கென்று இன்னொரு பாஸ்வேர்டைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவார். பெருமை தாங்காமல் மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார். யாராவது மறந்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தால், "கொஞ்சம் வெளிய இருங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு இரண்டே நிமிடத்தில் திறந்து கொடுப்பார். கைராசிக்காரர் என்று புகழ்வார்கள். மனிதர் குளிர்ந்துபோவார்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. அவர் விற்ற மென்பொருளுக்குள் அரசாங்கம் நுழைய ஒரு ரகசிய வழி இருக்கலாமாம். கம்பெனி இல்லவே இல்லை என்றது. அரசாங்கம் வாயே திறக்கவில்லை. ஊர் சும்மா இருக்குமா? அதை வாங்கியிருந்த வக்கீல் உடனே கழற்றச் சொன்னார். அச்சகக்காரர், "நீங்களும் கூட்டா?" என்றே கேட்டுவிட்டார்.

"வாங்கினவனுக்குத் தெரியாம உள்ள வழி வைக்கிறவன் மனுஷனா?" என்று கொதித்த பூட்டுக்காரர், பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள், அவரிடம் அதே பூட்டை வாங்கியிருந்த டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனார். பூட்டுக்காரரின் காலமான மனைவிக்குக் கடைசிவரை வைத்தியம் பார்த்தவர் அந்த அம்மாதான். யார் போனாலும் போகட்டும், இந்த அம்மாவின் நம்பிக்கை போனால் தாங்க முடியாது. பொய் சொல்லிவிடலாமா என்று வாசல்வரை யோசித்தார்.

"அரசாங்கத்தை விடுங்க. வேற யாராவது இதுக்குள்ள வர முடியுமா?" என்று டாக்டரம்மாவே கேட்டார்.

"நான் வரலாம்மா."

"வந்திருக்கீங்களா?"

"ஒரே ஒரு தடவை. அவ போன பிறகு. நோய் இருக்குன்னு எத்தனை நாளா தெரியும், ஏன் எங்கிட்ட மறைச்சான்னு பாக்கத்தான்... மாத்திரை பேரும் பிரஷரும்தான் இருந்துச்சு."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நீங்க செஞ்சது பெரிய தப்பு."

"தப்புதாம்மா."

"எனக்கு முன்னாடியே தெரியும். நீங்களா சொல்றீங்களான்னுதான் கேட்டேன். அவங்க எங்கிட்ட நிறைய பேசினாங்க. எதையும் இதுல ஏத்தாதீங்க, அவரு திறந்து பாத்துடுவாருன்னு அவங்கதான் சொன்னாங்க. அன்னையிலேர்ந்து யாரு விஷயத்தையும் நான் இதுல ஏத்தறதில்ல."

பூட்டுக்காரர் கம்ப்யூட்டரைப் போட்டார். தன் பாஸ்வேர்டை அழித்தார். பிறகு திரும்பி, "இப்பவாவது சொல்லுங்கம்மா. அவ என்ன பேசினா?" என்றார்.

டாக்டரம்மா மாட்டேன் என்று தலையசைத்தார்.

நோயாளிகள் உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்து பூட்டுக்காரர் அழுதார். அவள் அவரை எவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்தாள்!