ஓடிப்போனவனுக்குத் தட்டு உண்டா?

யுஸ்தீனா அக்காவுக்கு இரண்டு கண். இரண்டுமே சந்தேகக் கண். எங்கள் குடியிருப்பின் தலைமைச் சமையல்காரி அவள். ஊருக்கே ஒரு சமையல்கட்டு, ஒரே பந்தி; யாருக்கும் தனிப் பணப்பை கிடையாது. இங்கே திருட என்ன இருக்கிறது? ஆனாலும் முட்டை வண்டிக்காரன் வந்தால் அவன் கையைப் பார்ப்பாள், மாட்டு டாக்டர் வந்தால் காலைப் பார்ப்பாள். அவளுக்குக் கீழே உருளைக்கிழங்கு உரித்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. என்னையே அவள் இன்னும் முழுசாக நம்பவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. அவளுடைய தம்பி தாரியுஸ், மீசை அரும்புகிற வயதில், விதை விற்க வந்த ஒருவனின் லாரியில் ஏறி ஓடிப்போனான். அன்று மத்தியானம் அந்த விதைக்காரனுக்கு வாத்துக்கறி பரிமாறியவள் இவள்தான். அன்றிலிருந்து, வெளியே இருந்து வருகிறவன் எவனும் ஒரு ஆளைக் கிளப்பிக்கொண்டு போகத்தான் வருகிறான் என்பது அவள் கட்சி. "ஓடிப்போனதுக்கு என் பந்தியில தட்டு கிடையாது" என்று வாரம் தவறாமல் சொல்வாள். சபையில் அப்படி ஒரு சட்டமே இல்லை. மற்ற குடியிருப்புகளில் ஓடிப்போன பிள்ளைகள் பண்டிகைக்கு வந்து வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போகிறார்கள். தாரியுஸ் மட்டும் திரும்பி வரவே இல்லை.

போன அறுவடை முடிந்த சமயம், டைலர் என்று ஒரு பையன் காரில் வந்து இறங்கினான். கனடாவில் எங்கள் மனிடோபா மாகாணத்தைச் சுற்றிப் பார்க்க வந்தானாம்.

"நீங்கதானே ஆமிஷ்? குதிரை வண்டியெல்லாம் எங்கே?"

அவன் முதுகுக்குப் பின்னால் வீடு உயரத்துக்கு அறுவடை இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. "அவங்க இயந்திரம் வேணாம்னு இருக்கிற சபை, நாங்க வேற. நாங்க ஹட்டரைட்" என்றேன். வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

யுஸ்தீனா என் விலாவில் இடித்தாள். "பார்த்தியா சன்னா, கேள்வி கேக்குறான், பதிலுக்கு நிக்கல. கண்ணு எங்கே மேயுது பாரு."

பன்றிக் கொட்டகை வாசலில் அவளுடைய கடைசி மகன் எலியாஸ் நின்றான். இன்னும் ஞானஸ்நானம் எடுக்காதவன்; எங்களில் அது வளர்ந்த பிறகுதான், அதுவரை சபைக்கு வாக்குக் கொடுத்தவன் இல்லை. இவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என் பிள்ளையைக் கொண்டுபோக வந்திருக்கான்டி."

"பன்னி நாத்தத்துல நிக்கிறவனை யாருக்கா தூக்கிட்டுப் போவா?"

"சிரி, சிரி. உன் வீட்டுல ஒண்ணு போறப்ப நானும் சிரிக்கிறேன்."

சாப்பாட்டு மணி அடித்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், வயது வரிசை. பேச்சு கிடையாது, மளமளவென்று தின்று முடிப்போம். விருந்தாளி பாதி சூப்பில் இருக்கும்போதே எங்களுக்கு ஏப்பம் வந்துவிடும். யுஸ்தீனா அகப்பையோடு டைலரின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். அவனுக்கு ஊற்றிய கோழி சூப்பில் கோழி இல்லை; நான் பார்த்தேன்.

அவனோ எங்களுக்குச் சமமாகத் தின்று முடித்தான். கரண்டியை வைத்தான். போதகர் எழுவதற்கு முன்பே கைகளைக் கோத்து, தலையைக் குனிந்து காத்திருந்தான். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் உண்டென்று எந்த விருந்தாளியும் யூகித்துவிடுவான். பின்னாலும் உண்டென்று தெரியாமல் பாதி ஜெபத்தில் நாற்காலியை இழுத்து எழுவதுதான் வழக்கம்.

பந்தி கலைந்ததும் யுஸ்தீனா அவன் சட்டைக் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்கு இழுத்து வந்தாள்.

"யாருடா நீ? யார் மேசையில தின்னு வளர்ந்தே?"

அவன் இங்கிலீஷை விட்டுவிட்டு எங்கள் ஜெர்மன் பேச்சுக்கு வந்தான். "தாரியுஸ் மகன், அத்தை."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கானா?"

"இருக்கார். சாப்பிட்டதும் ஜெபம் சொல்லாம இன்னைக்கும் எங்களை எழ விடமாட்டார். இங்க வரத்தான் பயம்."

"அப்போ பொய் சொல்லிட்டு ஏன் வந்தே? என் மகனைக் கிளப்பத்தானே?"

"அவன் கிளம்பறதா முடிவு பண்ணியாச்சு அத்தை. என்னைத் தேடிப் பிடிச்சு போன் பண்ணினதே அவன்தான். வெளியே போனா அப்புறம் உங்க கையால ஒரு வேளை திங்க முடியுமான்னு அவனுக்குத் தெரியல. 'நீ ஓடிப்போனவர் பிள்ளை. முதல்ல யாரோ மாதிரி போய் உக்காரு. யாருன்னு தெரிஞ்ச பிறகும் அம்மா உனக்குச் சாப்பாடு போடுறாளான்னு பாரு'ன்னு சொன்னான்."

எலியாஸ் கதவருகில் நின்றிருந்தான். யுஸ்தீனா அவன் பக்கம் திரும்பினாள்.

"இதை என்கிட்ட நேரா கேட்டா வாய் வெந்தா போகும்?"

"கேட்டிருந்தா எனக்கு காவல் போட்டிருப்பே. நீ யாரைம்மா நம்பியிருக்கே?"

யுஸ்தீனா உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது. சொல்லிச் சொல்லியே பெற்ற பிள்ளையை இப்படிப் பயமுறுத்தி வைத்தாளே என்று ஆத்திரமும் வந்தது. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போறதுன்னா போ. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வந்துடணும்" என்றாள்.

எலியாஸ் மறுநாளே போனான். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து, "வரமாட்டான் பாரேன், சும்மா தலையாட்டிட்டுப் போயிட்டான்" என்று என் உயிரை எடுத்தாள். பந்தி நேரத்துக்கு டைலரின் கார் வந்தது. எலியாஸ் குதித்து இறங்கினான். பின் சீட்டில் நரைத்த தலை ஒன்று குனிந்தபடி, இறங்காமல் உட்கார்ந்திருந்தது.

யுஸ்தீனா மகனைத் தாண்டிப் போய்க் கார்க் கதவைத் திறந்தாள்.

"இறங்குடா தாரியுஸ். சூப் ஆறுது."