வாய்க்கால் மேட்டுப் படிப்பகமும் மனாகுவாவும்

குடவாசல் ரோட்டோரம், வாய்க்கால் மேட்டில் அந்தப் படிப்பகம் நின்றதற்குக் காரணம் சண்டைதான். ஆட்சி மாறிய வருஷம் ஊர் ஊராகப் படிப்பகம் வைத்தார்கள். நிலம் வைத்திருந்த மேலத்தெரு தன் பக்கம் கேட்டது. கூலிக்குப் போன கீழத்தெரு தன் பக்கம் கேட்டது. கடைசியில் இரண்டுக்கும் நடுவில், யாருக்கும் சொந்தமில்லாத மேட்டில் கீற்றுக் கொட்டகை போட்டார்கள்.

அதைத் திறந்து பெருக்கி, பேப்பரை உரக்கப் படித்தவன் கீழத்தெரு ரெத்தினம். ஆத்தாள் செத்த பிறகு வீட்டில் அவனோடு பேச ஆள் கிடையாது. ஒரு பெஞ்சில் மேலத்தெரு, எதிர் பெஞ்சில் கீழத்தெரு, நடுவில் அவன். பேப்பர் படிக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் அவன் குரல் நாலு பேர் காதில் விழும்.

எழுபத்திரண்டு மார்கழியில், நிகரகுவா நாட்டுத் தலைநகர் மனாகுவா நிலநடுக்கத்தில் சரிந்த சேதி வந்தது. கூடவே அந்த நகரத்தின் வரலாறும். லெயோன், கிரானடா என்று இரண்டு ஊர்கள் தலைநகர் பட்டத்துக்கு வருஷக்கணக்காக மோதிக்கொண்டனவாம். சமாதானத்துக்காக, நடுவில் கிடந்த ஏரிக்கரை ஊரைத் தலைநகராக்கினார்களாம்.

"அட, நம்ம படிப்பகம் கதையால்ல இருக்கு!" என்றார் கீழத்தெரு வீரையன்.

"இருக்கட்டுமே. இங்க பூமி ஆடுமா?" என்றார் எதிர் பெஞ்சு நாகநாதன்.

"பூமி ஆடாதுங்க. கூலிய ஏத்தலன்னா நாங்க ஆடுவோம்."

இரண்டு பெஞ்சும் சிரித்தது. சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

தை அறுவடைக்கு மேலத்தெரு வெளியூர் ஆட்களை இறக்கியது. கீழத்தெரு வரப்பில் மறித்தது. போலீஸ் வேன் வந்தது. அதற்கப்புறம் படிப்பகத்துக்கு ஒருவரும் வரவில்லை. ரெத்தினம் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டான்.

"வந்து ஒக்காந்தா போதும்ணே. நான் படிக்கிறேன்."

வீரையன் முகம் பார்க்கவில்லை. "மொதல்ல நீ யாரு பக்கம்னு சொல்லு. நடுவுல நின்னு படிக்கிறத நிறுத்து."

சொல்லியிருந்தால் ஒரு பெஞ்சாவது நிறைந்திருக்கும். அவனால் முடியவில்லை. காலி பெஞ்சுகளுக்கு நடுவில் நின்று, அதே சத்தத்தில் படித்துக்கொண்டிருந்தான். ஐப்பசி மழையில் மேடு கரைந்து கொட்டகை வாய்க்காலில் சாய்ந்தது. பெஞ்சுகளைத் தெருவுக்கு ஒன்றாகத் தூக்கிப் போனார்கள்.

பிறகு ரெத்தினத்துக்குக் குடவாசல் ரைஸ்மில்லில் வேலை. எழுபத்தொன்பதில் நிகரகுவாவில் புரட்சி என்று டீக்கடைப் பேப்பரில் பார்த்தான். மனாகுவாவின் நடுப்பகுதி இன்னும் வெறும் பொட்டலாம். வழி கேட்டால், இடிந்துபோன கட்டடங்களை அடையாளம் வைத்துத்தான் சொல்கிறார்களாம். பழக்கத்தில் வாய்விட்டே படித்தான். யாரும் திரும்பவில்லை.

அன்று சாயங்கால பஸ்ஸில் நல்ல கூட்டம். முன்னால் நாகநாதன் கண்டக்டரிடம் காசை நீட்டினார். "படிப்பகம் ஒண்ணு."

பின்னாலிருந்து வீரையன் குரல். "எனக்கும் படிப்பகந்தாம்ப்பா."

ரெத்தினமும் அதையே சொல்லி டிக்கெட் வாங்கினான்.

மூன்று பேரும் இறங்கினார்கள். நாகநாதன் மேற்கே நடந்தார், வீரையன் கிழக்கே. பஸ் போன பிறகும், புல் மூடிக் கிடந்த அந்த மேட்டில் ரெத்தினம் நின்றுகொண்டிருந்தான், யாராவது வந்து உட்காரப் போகிற மாதிரி.