லிஃப்டுக்குள் போகாத பெட்டி

வயதானவர்கள் மட்டும் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஜாகாவாக உட்காருவதைப்போல சுலபமான காவல் வேலை உலகத்தில் இல்லை. இங்கே திருட வருகிறவன் ஒருத்தன்தான், அவனும் பொருளைத் தொடமாட்டான். போன மழைக்காலத்தில்கூட எருமையோடு கேட் வரைக்கும் வந்தான். "இங்க மிருகங்களுக்கு அனுமதி இல்லை, நோட்டீஸ் போட்டிருக்கு பாருங்க" என்றேன். எருமை படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நம்பாதவர்கள் எங்கள் ஊர் கூலாய்க்கு வந்து விசாரிக்கலாம். எனக்கே எழுபது தாண்டியாச்சு. காவல் காக்கிறவனுக்கும் காக்கப்படுகிறவர்களுக்கும் ஒரே முட்டிவலி. படிக்கிற உங்களுக்கும் இருக்கும், அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

அலமாரி வந்த நாள்

நாலாவது மாடியில் வேலு என்று ஒருவர். வாழ்நாள் முழுக்க எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றி லோரி ஓட்டியவர். மனைவி பார்வதி கேட்டார் என்று ஓர் அலமாரி வாங்கினார். அது லிஃப்டில் நுழையவில்லை. நிறுத்தினால் மேலே இடித்தது, படுக்கவைத்தால் கதவு மூடவில்லை. கடை ஆட்கள் பலகை பலகையாகக் கழற்றி மேலே கொண்டுபோனார்கள்.

எல்லாரும் போன பிறகும் வேலு மட்டும் லிஃப்டுக்குள் நின்று முழம் போட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் போட்டார், அந்தப் பக்கம் போட்டார், மூலைக்கு மூலை போட்டார். பிறகு முகம் வெளுத்துப்போய் என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, அலமாரியைக் கழட்டி ஏத்திட்டாங்க. நாளைக்கு என்னை எப்படிக் கழட்டி இறக்குவாங்க?"

மாடிப்படியில் ஒத்திகை

"சவப்பெட்டியை நிக்கவெச்சு இறக்கிடலாம் தம்பி" என்றேன். "வேலைக்குப் போறவன் மாதிரி நின்னுக்கிட்டா போவேன்?" என்று சீறினார். ஆகவே மாடிப்படிதான் வழி என்று முடிவாயிற்று. அதையும் சோதித்துப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு நீளப் பலகையோடு வந்து நின்றார். வேலு கனத்த உடம்பு, நான் முருங்கைக்காய். அதனால் படுக்கிற பொறுப்பு எனக்கு. அது எனக்குப் புதிதுமில்லை. இளவயதில் ரப்பர்த் தோட்டத்து நாடகங்களில் நான் செத்தால் பக்கத்துத் தோட்டம்வரை அழுகை கேட்கும்.

தலைமாட்டில் வேலு, கால்மாட்டில் கட்டடம் பெருக்குகிற பங்களாதேஷ்காரர். மூன்றாவது மாடித் திருப்பத்தில் பலகை சிக்கிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து மேல்மாடி ராஜம்மா காய்கறிப் பையோடு படியேறி வந்தார். என்னைக் கண்டதும் பையைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டார். "ஐயோ, ஜாகா அண்ணே! தங்கமான மனுசனாச்சே! பொய்யே பேசமாட்டாரே!" நானே கேள்விப்படாத நான். கண்ணைத் திறக்காமல், "இன்னும் கொஞ்சம் சொல்லும்மா" என்றேன். ராஜம்மா எறிந்த கீரைக்கட்டு என் மூஞ்சியில் விழுந்தது.

"செத்தவன் பேசாம படுக்கணும்லா!"

குடியிருப்போர் கூட்டம்

வேலு விடவில்லை. குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்று லிஃப்டைப் பெரிதாக்கச் சொன்னார். மேனேஜர் நல்ல பெண். "அங்கிள், இப்பல்லாம் ஆஸ்பத்திரியிலேருந்து நேரா ஈமச்சடங்கு மண்டபத்துக்குக் கொண்டுபோயிடுறாங்க. ஏர்கோன் இருக்கு, காடி நிறுத்த இடம் இருக்கு" என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். "நான் என் வீட்லேருந்துதான் போவேன்" என்றார் வேலு. சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

பார்வதி உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார்.

"லோரி ஓட்டினப்ப ஒரு தீபாவளிக்குக்கூட வீட்ல தங்கல. போற அன்னிக்காச்சும் தங்கிட்டுப் போறேங்கிறாரு. தங்கட்டுமே, விடுங்க."

காற்று கேட்டவர்

கீழ்த்தளத்தில் இருப்பவர் சீன அம்மாள் மேடம் லிம். பாலோ ஊர்ப் பக்கத் தோட்டத்தில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்ததால், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார், என்னைவிட நன்றாகத் திட்டுவார். லிஃப்ட் பெரிதாகப்போவதில்லை என்று தெரிந்ததும், வீட்டை மாற்றிக்கொள்ளச் சம்மதிப்பாரா என்று கேட்க வேலு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நாலாவது மாடிக் காற்றில் வழுக்கையில்கூட முடி முளைக்கிறது என்று நான் ஆரம்பித்தேன். லிம் என் தலையைப் பார்த்தார். நான் நிறுத்திக்கொண்டேன்.

வேலு உள்ளதைச் சொல்லிவிட்டார். அதற்குமேல் அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை, சாமான்களைக் கட்டிவைக்கப் பெட்டி தேட ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "உங்க பெட்டியும் ஒருநாள் இறங்கணுமே, மேடம்?" என்றேன்.

"போனப்புறம் என்னை உருட்டி விட்டாலும் எனக்குத் தெரியாது. இருக்கிறவரைக்கும் கொசுக்கடி இல்லாம காத்து வேணும்லா!"

வேலு வீட்டு ஹால்

கீழே வந்த அன்றே வேலு ஹாலை அளந்தார். தலை இங்கே, கால் அங்கே, அழுகிறவர்கள் சுவரோரம். மனுசன் குறட்டை விட்டுத் தூங்கினார். அப்புறம் மூன்றாவது மாடி வாத்தியார் தவறிப்போனார். அவர் மகன் வந்து கைகூப்பினார். அப்பா இந்தக் கட்டடத்திலிருந்துதான் போகணும் என்று சொல்லியிருந்தாராம், பெட்டி மேலே ஏறாதாம், ஒருநாள் ஹால் வேண்டுமாம். வேலு பார்வதியைத் திரும்பிப் பார்த்தார். பார்வதி ஏற்கெனவே சோபாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். தனக்கென்று வேலு அளந்து வைத்த இடத்தில் வாத்தியார் படுத்திருந்தார். வேலு வாசலில் நின்று வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார்.

அன்றிலிருந்து மேல்மாடிக்காரர்கள் ஒவ்வொருவராகப் பழம் வாங்கிக்கொண்டு வேலுவைப் பார்க்க வருகிறார்கள். வாய் அவர் உடம்பை விசாரிக்கிறது, கண் ஹாலை அளக்கிறது. ராஜம்மாவுக்குக் காற்றாடி தலைமாட்டில் வரவேண்டுமாம். பச்சைத் திரைச்சீலை தன் நிறத்துக்கு எடுக்காது, மாற்றிவிடுங்கள் என்கிறார் இரண்டாவது மாடி அம்மாள். நேற்று சாயங்காலம் வேலு என் மேசைக்கு வந்தார். யாரும் கேட்கவில்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குனிந்தார்.

"அண்ணே, மேல ஏதாச்சும் வீடு காலியா இருக்கா?"

இந்த வேலையில் நான் கண்டது இவ்வளவுதான்: நிம்மதியாகச் சாக இடம் தேடுகிறவனுக்கு அந்த அலைச்சலே ஆயுளைக் கூட்டிவிடுகிறது.