சம்பந்தியம்மை கேட்ட கக்கூஸ்

கன்னியாகுமரி தனி மாவட்டம் ஆவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால், எங்கள் ஊரில் முதன்முதலாகக் கக்கூஸ் கட்டியது எங்கள் வீட்டில்தான். பிள்ளையார் புண்ணியத்தில் அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல காரியம் பார்த்துவிட்டேன். என் கல்யாணத்துக்குக்கூட நான் அப்படித் துள்ளவில்லை.

அதுவரை பெண்களுக்கு வாய்க்கால் கரைத் தாழம்புதர்தான். விடியுமுன் அம்மாவும் அயல்வீட்டுப் பெண்களும் பேசிக்கொண்டே போவார்கள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் போவேன். எனக்கு அது ஒரு விளையாட்டு. அம்மா பக்திக்காரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் ராத்திரி ஒரு வாய் சாப்பிடமாட்டாள், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். கேட்டால் விரதம் என்பாள். சாமிக்காக இப்படிக் கிடக்கிறாளே என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

அக்காவைப் பத்மநாபபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். தலைப்பேற்றுக்கு ஏழாம் மாதம் அழைத்து வரவேண்டும். ஆவணியில் அம்மா போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததும் வராததுமாக அப்பாவிடம் சொன்னாள்.

"கேட்டேளா, சம்பந்தியம்மை ஒரே பேச்சாச் சொல்லிப்போட்டா. கக்கூஸ் இல்லாத வீட்டுக்கு மருமகளைப் பேறுக்கு அனுப்ப மாட்டாளாம்."

அரண்மனைக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் ராஜவம்சம் என்று நினைப்போ என்று அப்பா இரண்டு நாள் பொருமினார். ஆனால் தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறக்காமல் போனால் ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? மூன்றாம் நாள் கோட்டாற்றிலிருந்து கொத்தனார் வந்துவிட்டார்.

நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரிக்குச் செப்டிக் தொட்டி கட்டிக் கைகண்டவர் அவர். கிணற்றுக்கு நன்றாகத் தள்ளி, தோப்பு ஓரமாக இடம் குறித்தார். ஒரே தொட்டிதான், நடுவே சுவர் வைத்து இரண்டு அறை. அழுக்கு முதல் அறையிலேயே அடங்கிக் கரைந்துபோகும், தண்ணீர் மட்டும் அடுத்த அறைக்குப் போய் அங்கிருந்து மண்ணுக்குள் இறங்கிவிடும் என்றார். பேச்சிப்பாறை அணையில் தேக்கி விடுகிற மாதிரியா என்று அப்பா கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. என்ன, இதிலே யாரும் குளிக்க மாட்டாவ."

பூமிக்குத் தேங்காய் உடைக்காமல் மண்வெட்டி போடமாட்டோம் என்று வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். இந்தக் காரியத்துக்கா பிள்ளையாரைக் கூப்பிடுவது என்று அப்பாவுக்குப் பெரிய சங்கடம். கடைசியில் குழிக்கு முதுகைக் காட்டி, வீட்டைப் பார்த்து நின்று, மகள் சுகமாகப் பெறவேண்டும் என்று வேண்டிக்கொண்டு உடைத்தார். அந்தத் தேங்காயை வீட்டில் ஒருவரும் தொடவில்லை. இரண்டு மூடியையும் கருப்பட்டியோடு நானே தின்று தீர்த்தேன்.

பத்தே நாளில் சுவர் எழும்பியது. வைக்கோலில் பொதிந்து மாட்டுவண்டியில் பீங்கான் வந்தபோது தெருவே திரண்டுவிட்டது. இவ்வளவு வெள்ளையான சாமானில் எப்படி மனசு வந்து உட்காருவது என்று ஒரு சித்தி கவலைப்பட்டாள். தொட்டியைக் கற்பலகையால் மூடுமுன் தண்ணீர் விட்டுப் பார்க்கவேண்டும் என்றார் கொத்தனார். கிணற்றுக்கும் பீங்கானுக்குமாகக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினேன். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தேன். எத்தனையாவது குடத்திலோ முதல் அறை நிறைந்து, அடுத்த அறைக்குள் தண்ணீர் மெல்ல வழிந்தது. வந்துவிட்டது, வந்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

ஐப்பசியில் அக்கா வந்தாள். கூடவே அவள் மாமியாரான சம்பந்தியம்மையும் வந்தார்கள், எனக்கு அத்தை முறை. காப்பி குடித்து முடிக்குமுன்னே, அத்தைக்குக் காட்டு என்று அப்பா என்னை ஏவிவிட்டார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனேன்.

அத்தை உள்ளே எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். "இது என்னதுட்டி? எங்களுக்கெல்லாம் ஆத்தங்கரைதான் மக்கா. இப்பிடி ஒண்ணு நான் கண்டதே இல்ல."

"நீங்க கேட்டுத்தானே அத்தை கட்டினோம்" என்றேன்.

அதற்குள் அப்பா பின்னாலேயே வந்துவிட்டார். அத்தை திரும்பிப் பார்த்தார்கள். கிணற்றடியில் அம்மா வாளிக் கயிற்றைப் பிடித்தபடி, இறைக்காமல் நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஆமா மக்கா, நான்தான் சொல்லிவிட்டேன்" என்றார்கள் அத்தை, அப்பா காதில் விழும்படி. "வயசாச்சில்லா, மறந்துபோச்சு."

பாவம், அத்தைக்கு ஞாபகமறதி என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழியில் அக்காவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. தையில் அத்தான் வந்து, தன் வீட்டிலும் குழி தோண்டுவதாகச் சொன்னார். கக்கூஸ் இல்லாத வீட்டுக்குத் தாயையும் பிள்ளையையும் திருப்பி அனுப்பமாட்டேன் என்று எங்கள் அம்மா சொல்லிவிட்டாளாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்பா திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தார். பயறு உடைத்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை.

"ஆமா, நான்தான் சொல்லிவிட்டேன்."

அம்மா எப்போது அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் என்னை உண்மையில் பயமுறுத்தியது அதற்கு முன்னால் நடந்த ஒன்று. அக்கா வந்த அன்று ராத்திரி நல்ல அடைமழை. அம்மா அக்காவோடு உட்கார்ந்து வயிறார உண்டாள். இரண்டு தம்ளர் மோரும் வாங்கிக் குடித்தாள். அடுத்த நாளும் மழை, அன்றும் உண்டாள்.

மூன்றாம் நாள் நான் நனைந்துகொண்டே கோவிலுக்கு ஓடி, பிள்ளையார் முன்னால் பதினாறு தோப்புக்கரணம் போட்டேன். அம்மா விரதத்தை விட்டுவிட்டாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே சாமி என்று.