ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த விளக்கவுரை

தேவாலயத்தின் பின்னறையான வெஸ்ட்ரியில் ஹீட்டர் சூடானதும், நான் திறந்துவைத்த பழைய பெட்டியிலிருந்து வசம்பு மணந்தது. கிளாஸ்கோவில், மழை ஜன்னலைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமையில், நம் ஊரில் பிறந்த பிள்ளையின் கையில் கட்டும் அதே வசம்பு. சபைச் செயலாளர் மார்கரெட் மூக்கைச் சுருக்கி, ஈரம் பிடித்திருக்கிறது, ஆளை வரச் சொல்கிறேன் என்றார். ஈரமில்லை, புத்தகத்தைப் பூச்சி அரிக்காமலிருக்க எங்கள் பக்கம் வைப்பது என்றேன். அவர் பெட்டியைவிட்டு இரண்டடி தள்ளி நின்று, பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களுக்காக, ஊழியமும் பாடுகளும் என்று ஐந்து ஞாயிறு பிரசங்கிக்க வேண்டியிருந்தது. வாசிப்புக் குழுவுக்கு வேதாகம விளக்கவுரைகளும் தேர்ந்து சொல்ல வேண்டும். மேசையில் மூன்று இருந்தன. முதலாவது, பவுலின் கிரேக்கச் சொற்களை ஒவ்வொன்றாக உரித்து வைத்தது. உபத்திரவம் என்ற ஒரு சொல்லுக்குப் பதினோரு பக்கம். ஒரு பக்கத்திலும் யாருக்கும் வலிக்கவில்லை. இரண்டாவது, பிரசங்கிகளுக்கென்றே சமைத்து இறக்கியது: மூன்று குறிப்பு, ஒரு கதை, ஒரு ஜெபம். மூன்றாவதை எழுதியவர் நோயில் கிடந்து எழுதியிருந்தார். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றார். அவரையே தேர்ந்தேன். சொல்லுக்குத் துணையாக முதலாவது. இரண்டாவதை மூடிவைக்கத்தான் மனம் வரவில்லை. இத்தனை வருடம் நான் தின்று வளர்ந்தது அதுதான். பழைய குறிப்புகள் ஏதும் கிடைக்குமா என்று, வந்த பத்து வருடமாகத் திறக்காத பெட்டியைத் திறந்தேன். நான்காவது அதில் கிடந்தது. நூல் பிரிந்த, மெல்லிய தமிழ் விளக்கவுரை. பக்கங்களுக்கிடையே வசம்புத் துண்டுகள்.

அது உபதேசியார் ஞானமுத்துவின் புத்தகம். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் ஐம்பது குடும்பம் உள்ள சபைக்கு நான் ஐயர், அதாவது போதகர்; அவர் எனக்குத் துணையாக இருந்த உபதேசியார். பிரசங்கம் என் வேலை. சைக்கிள் மிதித்து நோயாளி வீட்டில் போய் உட்காருவது அவர் வேலை. கிளாஸ்கோவுக்குப் புறப்படும்போது என் ஆங்கில விளக்கவுரை நான்கு பாகத்தையும் அவருக்குக் கொடுத்தேன். தூக்கிப் பார்த்துவிட்டு, “சைக்கிள் தாங்காதுங்க ஐயா” என்றார். அவருடைய புத்தகம் என் சாமான்களோடு தவறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பவுல் தன் பாடுகளை அடுக்கும் இடத்தில், ஓரத்தில் பென்சில் எழுத்து. ‘உரைகாரர் ஐயா, பாடுகளுக்கு நீங்கள் ஏழு காரணம் சொல்கிறீர்கள். என் மனைவி சாராள் இறந்துபோன மத்தியானம் எனக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் போதும்.’

அந்த மத்தியானம் நான் சென்னையில் விசா வரிசையில் நின்றேன். செய்தி வந்தது. மறுநாள் மருத்துவப் பரிசோதனை இருந்ததால் தங்கிவிட்டேன். அடக்கத்தை வேறொரு சபை ஐயர் நடத்தினார். ஏழாம் நாள் ஆராதனைக்கு வந்து, மூன்று குறிப்புகளோடு நன்றாகவே பிரசங்கித்தேன். எல்லாரும் அழுதார்கள். ஞானமுத்து அழவில்லை. விசுவாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் எழுதியதை அந்த ஞாயிறு ஆங்கிலத்தில் வாசித்தேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை. சொன்னால் நான் எங்கே இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஆராதனை முடிந்ததும் புதிதாக வந்திருந்த ஜார்ஜ் என்ற பெரியவர் என் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். மனைவி போய் ஆறு வாரம் ஆகிறதாம். உங்கள் மனைவி போய் எத்தனை வருடம் என்று கேட்டார். பத்து வருடம் என்றேன். அப்படியானால் உங்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி எஸ்தர் பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. அடுத்த ஞாயிறு புடவையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள். “செத்தவ எப்படிங்க கோயிலுக்கு வருவா?” என்றாள். ஜார்ஜ் ஒவ்வொரு வாரமும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். ஐந்து ஞாயிறும் பாடுகளைப் பற்றிப் பேசினேன். அவர் வீட்டுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை.

ஈஸ்டர் முடிந்து தனியாகத் திருச்சிக்கு வந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலம் கடந்தபோது, தண்ணீரில்லாத மணல் கண்ணைக் கூசவைத்தது. ஞானமுத்து இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் போய்விட்டது, சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கிறது. புத்தகத்தை நீட்டி, தவறி வந்துவிட்டது உபதேசியாரே, மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவர் வாங்கவில்லை.

“தவறியெல்லாம் வரலீங்க. நாந்தான் பெட்டிக்குள்ள வெச்சேன்.”

நீட்டிய கையைப் புத்தகத்தோடு இழுத்துக்கொண்டேன்.

“ஐயாகிட்ட மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது? பிளேன்ல போயி எறங்குனதும் பாப்பீங்கன்னு நெனச்சேன். பத்து வருஷமாக்கிட்டீங்க.” கொஞ்சம் சிரித்தார். “அன்னைக்கு நல்லாத்தான் பேசுனீங்க. மூணு பாயிண்ட். ஒன்னுகூட ஞாபகம் இல்ல.”

ஜார்ஜைப் பற்றியும் சொன்னேன். எஸ்தரைச் சாகடித்ததைச் சொன்னபோது மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எப்படிச் சமாளிப்பது என்று கேட்டேன். அவரோ அந்தப் பெரியவருக்குப் பிள்ளைகள் உண்டா, சமைப்பது யார் என்று விசாரித்தார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வாடியது. பத்து வருடத்துக்கு முந்தைய கணக்கைவிட அதுதான் அவரை வருத்தியது போலிருந்தது.

வேண்டாம் என்றாலும் கேளாமல், நொண்டிக்கொண்டே பஸ் ஸ்டாப் வரை வந்தார். புத்தகம் என் கையிலேயே இருந்தது. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம்; நடுவில் நின்று நான் போய் உட்காராத இரண்டு வீடுகளை நினைத்தேன். ஒன்று இங்கே, ஒன்று கிளாஸ்கோவில். பஸ் வந்தது. போயிட்டு வரேன் என்றேன். அவர் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“போன உடனே அவரு வீட்டுக்குப் போங்க. எஸ்தர் அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. நெசத்தச் சொல்லுங்க. அவரு திட்டுவாரு. திட்டினாலும் எந்திரிச்சு வந்துடாம, உக்காந்திருங்க ஐயா.”